பகலில் தூங்கவிடும் விடுதி

நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு விடுதி தேடும்போது வீட்டில் எல்லோரும் வாடகை எவ்வளவு, சாப்பாடு எப்படி, வாட்ச்மேன் உண்டா என்று கேட்பார்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: காலை பத்து மணிக்கு அந்த வீடு எப்படி இருக்கும்? முடிந்தால் அந்த நேரத்துக்கே போய்ப் பத்து நிமிடம் மாடிப்படியில் நின்று பாருங்கள். மிக்ஸி ஓடுகிறதா, மோட்டார் போடுகிறார்களா, பக்கெட்டைத் தரையில் இழுக்கிறார்களா, கீழே இருந்து யாராவது மாடிக்குக் கத்துகிறார்களா என்று காது கொடுங்கள். நைட் டூட்டி முடித்து வந்து படுத்தவளுக்கு அதுதான் நடுச்சாமம்.

எனக்கு வயது 29. சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம் படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, ஏழு வருடமாகத் தனியார் மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அதில் கடைசி நான்கு வருடம் ஐசியு, அதாவது தீவிர சிகிச்சைப் பிரிவு. இதுவரை மூன்று ஊர், நான்கு விடுதி. இந்த நான்காவது விடுதிக்கு வந்து இரண்டே முக்கால் வருடம் ஆகிறது.

இடம் கோயம்புத்தூர். காந்திபுரத்துக்கும் பீளமேட்டுக்கும் நடுவே, அவிநாசி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு குறுக்குத் தெருவில் மூன்று மாடி வீடு. பெயரும் தெருவும் எழுதவில்லை. இருபத்திரண்டு பெண்கள் தூங்குகிற இடம், விலாசத்தைப் பொதுவில் போட வேண்டாம் கண்ணு என்று விடுதி நடத்தும் அக்கா கேட்டுக்கொண்டார். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. தேடுகிற சிஸ்டர்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய விடுதிகளைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் இதன் அருமை தெரியும்.

முதல் வேலை வேறொரு ஊரில். விடுதி மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருந்தது. சம்பளம் 11,500, அதில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 பிடித்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. பிள்ளை ரோட்டில் கால் வைக்காமல் வேலைக்குப் போய்வருகிறாள் என்று ஊரெல்லாம் சொன்னார். வார்டுக்கும் என் கட்டிலுக்கும் இருநூறு அடி தூரம்தான் இருக்கும். அந்த இருநூறு அடியால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு சிஸ்டர் திடீரென்று லீவு போட்டால் சூப்பர்வைசருக்கு முதலில் ஞாபகம் வருவது விடுதிதான். காலை ஏழு மணி டூட்டி முடித்து, மூன்று மணிக்குச் சாப்பிட்டுப் படுத்திருப்பேன். நான்கு மணிக்குக் கதவு தட்டும். "ஈவினிங்க்கு ஆள் இல்ல, நீ வந்துடு." டபுள் டூட்டி. வெளியில் வீடு எடுத்துத் தங்கியிருந்த சிஸ்டர்களுக்கு போன்தான் வரும், அவர்கள் எடுக்காமல் இருந்துவிடலாம். கதவைத் தட்டினால் எப்படித் திறக்காமல் இருப்பது? இரண்டு வருடம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டுக்காக (ஒப்பந்தம்) ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளும் அவர்களிடமே இருந்தன. அந்த இரண்டு வருடத்தில் முழுசாக எட்டு மணி நேரம் தூங்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டாவது, ஐடி கம்பெனிப் பெண்களும் கல்லூரிப் பெண்களும் இருந்த மகளிர் விடுதி. சுத்தமான இடம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது மணிக்கு கேட் பூட்டிவிடுவார்கள். ஈவினிங் டூட்டி எட்டு மணிக்கு முடிகிறது என்று காகிதத்தில்தான் இருக்கும். ஹேண்ட் ஓவர் கொடுக்காமல் நர்ஸ் நகர முடியாது. ஐசியுவில் ஒவ்வொரு கட்டிலாகப் போக வேண்டும். எந்த மருந்து எந்த வேகத்தில் ஓடுகிறது, சிறுநீர் கடைசி மணியில் எத்தனை மில்லி, உடம்பிலிருந்து கழிவு நீரை வெளியே எடுக்கும் குழாயில் என்ன நிறம், கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எந்தக் கல்ச்சர் டெஸ்ட் அனுப்பினோம், எது திரும்பி வரவில்லை, முதுகில் சிவப்பு இருக்கிறதா என்று நோயாளியைத் திருப்பிப் பார்த்து, அடுத்த சிஸ்டருக்குக் காட்டிவிட்டு, பூட்டி வைக்கும் மருந்துகளை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது நிமிடம், நாற்பது நிமிடம் ஆகும். நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. அதை முடித்துவிட்டு பஸ் பிடித்து வந்து, பூட்டின கேட்டுக்கு வெளியே ஒருநாள் நாற்பது நிமிடம் நின்றேன். வார்டன் கேட்டார், "தினமும் லேட்டா வர்றது என்னம்மா பழக்கம்?" அன்றைக்கு என் நோயாளி ஒருவருக்கு வென்டிலேட்டர் டியூபை எடுத்து, அவரை சாதா வார்டுக்கு அனுப்பியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தோடு வந்து நின்றவளுக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும்! இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

மூன்றாவதைப் பற்றி மூட்டைப்பூச்சி தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. எட்டு மாதத்தில் கிளம்பிவிட்டேன்.

சரி, இப்போது இருக்கும் இடம்.

அக்காவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய அப்பா, சித்தப்பா, பிறகு கணவர், எல்லோருமே இந்த ஊர் பஞ்சாலைகளில் ஷிப்ட் பார்த்தவர்கள். வந்து சேர்ந்த அன்று என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த வாரம் பகலா, ஆஃப் நைட்டா, ஃபுல் நைட்டா கண்ணு?" மில் ஷிப்டை அப்படித்தான் சொல்வார்களாம். எங்கள் ஈவினிங் டூட்டி இந்த வீட்டில் இன்றைக்கும் ஆஃப் நைட்தான். சின்ன வயதில், ஃபுல் நைட் முடித்து அப்பா படுத்திருக்கும்போது தெருவில் கில்லி விளையாடக்கூட விட மாட்டார்கள், அம்மி அரைப்பதென்றால் நான்கு வீடு தள்ளிப் போய் அரைப்பார்கள் என்று அக்கா சொல்வார். மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் தூங்கிய வீடு. அந்தப் பழக்கம்தான் இந்த விடுதியை நடத்துகிறது என்று நினைக்கிறேன். மேனேஜ்மென்ட் படித்தவர்கள் யாரும் எனக்கு இதைச் செய்து தரவில்லை.

கீழே ஹாலில் ஒரு சிலேட்டுப் பலகை மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முப்பதாம் தேதி டூட்டி லிஸ்ட் வந்ததும் நாங்கள் அதில் எழுதிவிட வேண்டும். பேர் பக்கத்தில் ப, ஈ, நை, ஓ என்று ஒற்றை எழுத்து: பகல், ஈவினிங், நைட், ஓஃப் (விடுமுறை நாள்). அதைப் பார்த்துத்தான் அக்கா உலையில் அரிசி போடுகிறார், அதைப் பார்த்துத்தான் மோட்டார் போடுகிறார். ஒரு மாடியில் மூன்று பேருக்கு மேல் நைட் இருந்தால் அந்த வாரம் காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரை வாஷிங் மெஷின் கிடையாது. பாத்திரம் பின்கட்டில் கழுவுவார்கள். கேஸ் சிலிண்டர் போடும் தம்பிகூடத் தெருவில் உருட்டாமல் தோளில் தூக்கி வருவான்.

அறையில் மூன்று கட்டில். ஒவ்வொரு கட்டிலுக்கும் கம்பி கட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்த கறுப்புத் துணியில் திரை. திரையை மூடினால் மதியம் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே இருட்டு. கூட இருப்பவள் லைட் போட்டால் தெரியாது. சேலை மாற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒரே அறையில் மூன்று பேரும் ஒரே ஷிப்ட்டில் இருப்பது மாதத்தில் நான்கைந்து நாள்தான் வரும், அதனால் இந்தத் திரைதான் எங்களுக்குள் சண்டை வராமல் காப்பாற்றுகிறது. ஆறு நைட் தொடர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்றாவது நாளுக்கு மேல் பகல் தூக்கம் வருவதே கஷ்டம். உடம்பு அசந்திருக்கும், கண் மூடாது. இங்கே வந்த முதல் மாதத்தில் ஒருநாள் காலை ஒன்பதரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தேன். எந்த ஊரில் இருக்கிறேன் என்றே ஒரு நிமிடம் தெரியவில்லை. அப்படி ஒரு தூக்கம்.

சாப்பாடு. மூன்று வேளையும் சைவம், ஞாயிறு மதியம் மட்டும் கோழி, புதன் இரவு முட்டை. ருசி நன்றாக இருக்கிறது, பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். கொங்குப் பக்கச் சமையல், எனக்கு உறைப்பு போதாது. சப்பாத்தி கெட்டியாகவே இருக்கும், அதை எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை. ஆனால் நேரம் என்று எடுத்துக்கொண்டால் இந்த விடுதியைப் போல் நான் பார்த்ததில்லை. காலை டூட்டிக்காரர்களுக்கு ஐந்தே முக்காலுக்கு டப்பா தயார். நைட் முடித்து ஒன்பது, ஒன்பதே காலுக்கு வருகிறவர்களுக்கு இட்லி வேண்டாம், சோறு வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும். எங்கள் வயிற்றுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. சூடாகச் சோறு, ரசம், ஒரு பொரியல், சுட்ட அப்பளம் தட்டில் மூடி வைத்திருக்கும், மேலே பேர் எழுதின சீட்டு.

போன ஆடி மாதம் ஒரு நைட். என் நோயாளி, அவருக்கு என் அப்பா வயதுதான் இருக்கும், விடிகாலை நாலேகாலுக்குப் போய்விட்டார். நாற்பது நிமிடம் மாறி மாறி நெஞ்சை அமுக்கினோம். அவருடைய மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உடம்பைத் துடைத்து, கட்டுப் போட்டு, ஃபைல் எழுதி, ஹேண்ட் ஓவர் கொடுத்து வெளியே வர ஒன்பது ஆகிவிட்டது. விடுதிக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தேன், சாப்பிடவில்லை. அக்கா எதுவும் கேட்கவில்லை. ரசத்தை எடுத்துப் போய் மறுபடி சூடு பண்ணி, டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தார். "குடிச்சிட்டுப் படு கண்ணு. தட்டு இருக்கட்டும்." மதியம் மூன்றரைக்கு எழுந்தபோது தலைமாட்டில் மறுபடி சோறு மூடி வைத்திருந்தது. விடுதிக்கு மார்க் போடச் சொன்னால் இதற்கு எத்தனை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

துணி துவைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். யூனிஃபார்முக்குத் தனிக் கொடி, தனி பக்கெட். ரத்தக் கறையை வெந்நீரில் போட்டால் அப்படியே பிடித்துவிடும், பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வைக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை எங்களுக்கு முன்னால் அக்காவே சொல்லிவிடுகிறார்.

குறைகள் இருக்கின்றன. மூன்றாம் மாடியில் ஒன்பது பேருக்கு இரண்டு பாத்ரூம்தான், காலை ஐந்திலிருந்து ஆறு வரை வரிசை நிற்கும். லிஃப்ட் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவர்களுக்கு நாற்பத்தெட்டுப் படி என்பது சாதாரணம் கிடையாது. காலில் நரம்பு சுருண்டு போன ஒரு சிஸ்டருக்காகக் கீழ்த்தளத்தில் இடம் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் எல்லோருக்கும் கொடுக்க அங்கே அறை இல்லை. கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை லாரித் தண்ணீர். இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும் ஓடும். வைஃபை மொட்டை மாடியில்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது.

வாடகை சாப்பாட்டோடு 6,800. முன்பணம் ஒரு மாதம். முந்தின விடுதியில் கொஞ்ச காலம் 12 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து வாங்கினார்கள். 2024-இல் மாதம் 20,000-க்குள், தொடர்ந்து 90 நாள் தங்குபவர்களுக்கு அந்த வரி இல்லை என்று ஆகிவிட்டது. உங்களிடம் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். விடுதி நடத்த 2014-ஆம் வருடச் சட்டப்படி உரிமம் வேண்டும். இங்கே அதை ஹாலிலேயே ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நீங்கள் எங்கே போய்ப் பார்த்தாலும் அதைக் கேளுங்கள். அம்மா வந்தால் இரண்டு நாள் தங்கலாம், ஒரு நாளைக்கு 150.

என் கைக்கு வருவது 19,000. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடுதிக்கே போகிறது. வீட்டுக்கு 6,000 அனுப்புகிறேன். எங்கள் அறையில் இருக்கும் பாலக்காட்டு சேச்சி இந்தக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதை வைத்து மத்திய அரசு ஒரு குழு போட்டது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸ் சம்பளம் 20,000-க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. அமல்படுத்த வேண்டியது மாநிலங்கள். கேரளத்தில் நர்ஸுகள் தெருவில் இறங்கிப் போராடி, 2018 ஏப்ரலில் 20,000 அடிப்படைச் சம்பளம் என்று அரசாணை வாங்கிவிட்டார்கள். வாளையார் தாண்டினால் அந்த ஊர். இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். சேச்சியின் கணவர் திருப்பூரில் வேலை பார்ப்பதால் அவர் இந்தப் பக்கம் இருக்கிறார். நாங்கள் பார்க்கும் வென்டிலேட்டரும் அங்கே இருக்கும் வென்டிலேட்டரும் ஒன்றுதான். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அரசு வேலைக்குப் போகலாமே என்று உறவினர்கள் கேட்பார்கள். முதல் மாடியில் நான்கு பேர் அதற்குத்தான் படிக்கிறார்கள். ஆனால் 2015-இல் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு ஆரம்பத்தில் மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். நிரந்தரம் செய்யச் சொல்லி 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் போராட உட்கார்ந்ததை நாங்கள் டிவியில் பார்த்தோம். பிறகு தொகுப்பூதியத்தை உயர்த்தினார்கள். அந்த நால்வரும் இதெல்லாம் தெரிந்தேதான் படிக்கிறார்கள்.

மற்றவர்கள் வெளிநாட்டைப் பார்க்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால், காயும் யூனிஃபார்ம்களுக்கு நடுவே நாலைந்து பேர் காதில் இயர்போனோடு ஜெர்மன் மொழிப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய பி2 என்கிற நிலை வரை, அதாவது தடுமாறாமல் பேசும் அளவுக்கு, மொழி தெரிய வேண்டும். நைட் டூட்டி பார்த்துவிட்டு, தூங்கி எழுந்து, வினைச்சொல் மனப்பாடம் செய்துவிட்டு மறுபடி நைட்டுக்குப் போகிறார்கள். வளைகுடா போகிறவர்களுக்கு அனுபவச் சான்றிதழும் அந்த நாட்டுத் தேர்வும் வேண்டும். அதனால்தான் பலர் சம்பளம் குறைவு என்று தெரிந்தும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஐசியு டூட்டி லிஸ்ட்டில் எப்போதும் பாதிப் பேர் புதுசாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். போன வருடம் இங்கே இருந்த ஒரு பெண், யாரோ ஒரு இடைத்தரகரிடம் ஒன்றரை லட்சம் கொடுத்து ஏமாந்து போனாள். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டும்தான் வாங்கலாம். நம் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே 1978-இலிருந்து இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். அந்தப் பெண் அன்று அழுததற்குப் பிறகு அக்கா இந்த இரண்டு வரியையும் சிலேட்டுக்குக் கீழே சுவரில் எழுதி ஒட்டிவிட்டார்.

இங்கே இருப்பவர்கள் எல்லாம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் என்று நினைக்க வேண்டாம். என் எதிர் அறையில் வால்பாறை அக்கா ஒருவர், நாற்பத்தொரு வயது. அவரை அவருடைய அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் திரும்பி வந்தார். எங்களில் பலருக்கு நடப்பது இதுதான், இடையில் விட்ட வருடங்களுக்கு எந்த மருத்துவமனையும் சீனியாரிட்டி கொடுப்பதில்லை. அவர் நைட் மட்டும் போதும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். ஓஃப்களைச் சேர்த்து எடுத்து மாதம் இரண்டு முறை ஊருக்குப் போவார். நைட் முடித்துக் குளித்துவிட்டு நேராகப் பொள்ளாச்சி பஸ், அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. மதியம் மகன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டு வாசலில் இருப்பார். தூக்கம் பஸ்ஸில்தான். அவர் கிளம்பும் நாட்களில் விடுதி அக்கா சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

வருகிற முதல் தேதி மூன்றாம் மாடியில் ஒரு கட்டில் காலியாகிறது. நாகர்கோவில் சிஸ்டருக்கு ஜெர்மனி விசா வந்துவிட்டது. அது ஜன்னலோரக் கட்டில், காற்று நன்றாக வரும், ஆனால் காலை ஏழரையிலிருந்து பதினொன்று வரை வெயில் நேராக விழும், எவ்வளவு திரை போட்டாலும் சூடு தெரியும். பகல் டூட்டி அதிகம் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். நைட் அதிகம் இருந்தால் என் சுவரோரக் கட்டிலைக் கேளுங்கள், நான் மாறிக்கொள்கிறேன்.